நான் நேராக எடுக்காத படம்

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு உன் நம்பரைத் திரும்பக் கூப்பிட்டேன். மணி அடிப்பதற்கு முன்னாலேயே வைத்துவிட்டேன். வாயால் சொல்ல எனக்குத் துப்பில்லை. உன் குரலைக் கேட்டால் நான் பாதியிலேயே 'சாப்டியா, மாப்ள எப்டி கீறாரு' என்று வேறு பக்கம் போய்விடுவேன். இருபத்து நாலு வருஷமாக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எனக்கும் அறுபத்து மூன்று ஆகிறது.

அன்றைக்கு நீ சொன்னது அப்படியே காதில் நிற்கிறது. "இடுப்பு மூட்ட மாத்தியே ஆவணும்னு டாக்டரு சொல்லிட்டாரு நைனா. அடுத்த மாசம் தேதி குடுத்துக்கீறாரு. இருவத்தெட்டு வயசுல, நைனா! கெழவிங்க பண்ணிக்கிற ஆபரேசன்." சொல்லிவிட்டு அழுதாய். அழுகை நின்ற பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாய். "எல்லாம் அம்மா பண்ண வேலை. அந்தப் பெல்ட்ட மட்டும் அவுக்காம வுட்டிருந்தா எனக்கு இந்த கதி வந்திருக்காது." நான் என்ன சொன்னேன்? 'வுடு, செத்துப் போனவள இன்னாத்துக்கு' என்றேன். பெரிய மனுஷன் மாதிரி. அந்த ஒரு வார்த்தைக்காகவே என்னைச் செருப்பால் அடிக்கலாம். ஏனென்றால் உன் கால் போனதற்குக் காரணம் உன் அம்மா இல்லை. நான்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் நீ அந்த டேபிளில் போய்ப் படுக்கக் கூடாது. மிச்சத்தைப் பொறுமையாகப் படி. நடுவில் கிழித்துப் போட்டாலும் தப்பில்லை.

உனக்கு நினைவிருக்க நியாயமில்லாததிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ ஒன்றரை வயதில்தான் நடந்தாய். நடந்ததும் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தாய். கருங்குழியில் நம் தெருவே உன்னை வாத்துக்குட்டி என்று கூப்பிட்டுக் கொஞ்சியது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். நான் யார்? செங்கல்பட்டில் ஸ்டேஷனுக்குப் பக்கத்து எக்ஸ்ரே லேபில் பத்து வருஷமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன். ஒரு நாளைக்கு நாலு பேருடைய இடுப்பெலும்பைப் பார்க்கிறவன். என் குழந்தை என் கண்ணுக்கு முன்னால் சாய்ந்து நடக்கிறது, எனக்குத் தோன்றவில்லை. உன் அம்மாவுக்குத்தான் தோன்றியது. "இன்னாங்க, குளிப்பாட்டும்போது பாத்தேன், இடது தொடையில மடிப்பு ஒண்ணு கூடுதலா கீது. ஒரு படம் எடுங்களேன்" என்றாள். "எக்ஸ்ரே இன்னா பொரி உருண்டையா, கேட்டதும் குடுக்கிறதுக்கு?" என்று எரிந்து விழுந்தேன். அவள் விடவில்லை. ஏழெட்டு மாதம் நச்சரித்த பிறகு எடுத்தேன். பிலிமைக் கழுவி ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தொடை எலும்பின் உருண்டை, இடுப்பில் இருக்கும் கிண்ணத்துக்குள் உட்காராமல், வெளியே மேலே ஏறி நின்றது. பிறவியிலேயே அப்படி. யார் தப்பும் இல்லை.

மூன்று வயதில் மெட்ராஸில் ஆபரேஷன். உன் இடுப்பெலும்பை அறுத்து, கிண்ணத்தின் கூரையைக் கீழே திருப்பி, நடுவில் ஒரு துண்டு எலும்பை வைத்துக் கம்பி குத்தினார் பெரிய டாக்டர். மார்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் மாவுக்கட்டு, கால் இரண்டும் அகட்டியபடி. ஒன்றரை மாதம். அந்தக் கட்டோடு உன்னைத் தூக்குவது கதவைத் தூக்குவதைப் போல. ஆனாலும் உன் அம்மா உன்னை இடுப்பில் சார்த்திக்கொண்டு மாதா கோயில் பூசைக்குப் போவாள், ரேஷன் கடைக்குப் போவாள். மாவுக்கட்டில் மூத்திரம் படாமல் இருக்கப் பழைய புடவையைக் கிழித்து மணிக்கொரு தரம் மாற்றுவாள். கட்டைப் பிரித்த பிறகு பெல்ட் கொடுத்தார்கள். தோலும் இரும்புப் பட்டையும் வைத்தது. ராவும் பகலும் போட்டிருக்க வேண்டும், காலை அகட்டியே வைத்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் படம் எடுத்து, உருண்டை கிண்ணத்துக்குள்ளேயே இருக்கிறதா என்று டாக்டருக்குக் காட்ட வேண்டும். "சார், நானே எடுத்துக்கினு வரேன் சார்" என்றேன். அவரும் நம்பினார். தொழில்காரன், சொந்தப் பிள்ளை, இவனை விட நன்றாக யார் எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார். எனக்கும் அதில் பெருமை. அங்கேதான் சனியன் பிடித்தது.

அந்தப் படம் எப்படி எடுக்க வேண்டும் என்று உனக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, பெல்ட்டைக் கழற்றி, இரண்டு காலையும் சேர்த்து நேராக நீட்ட வேண்டும். முட்டி இரண்டும் கூரையைப் பார்க்க வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. படத்தில் இடுப்பெலும்பின் அடியில் இரண்டு ஓட்டைகள் தெரியும், அவை இரண்டும் ஒரே அளவாக இருந்தால் நேராக எடுத்த படம். கால் நேராக இருந்தால்தான் உருண்டை எங்கே நிற்கிறது என்ற உண்மை தெரியும். காலை அகட்டிவிட்டால், விலகப் பார்க்கிற உருண்டை கூட உள்ளே போய் உட்கார்ந்த மாதிரி காட்டும். அதன் மேல் டாக்டர் பென்சிலால் கோடு போட்டு அளந்தால் எல்லாம் சரியாகவே வரும். கோணலாக எடுத்த படத்தில் எவ்வளவு நன்றாக அளந்து என்ன பிரயோசனம்?

முதல் இரண்டு முறையும் ஒழுங்காகத்தான் எடுத்தேன். மூன்றாவது முறை கத்திரி வெயில். உனக்கு அப்போது நாலு வயது கிட்ட. பெல்ட்டுக்கு அடியில் வேர்க்குரு பொங்கி, தோல் தக்காளியாகச் சிவந்திருந்தது. உன் அம்மா நுங்குத் தண்ணீர் தடவினாள், பவுடர் போட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. படத்துக்கு முந்தின வாரத்தில் நாலு மத்தியானம் பெல்ட்டை அவிழ்த்துவிட்டாள். சும்மா அவிழ்த்துப் போடவில்லை. இரண்டு தொடைக்கும் நடுவில் தலையணையை வைத்து, நீ அசையாமல் இருக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். வெயில் தாழ்ந்ததும் திரும்பக் கட்டிவிட்டாள். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தாள். நான் 'சரி' என்றுதான் சொன்னேன்.

படம் எடுக்கும் அன்று உன் அம்மா ஈய ஏப்ரனைப் போட்டுக்கொண்டு உன் இரண்டு முட்டியையும் சேர்த்து அழுத்திப் பிடித்தாள். நீ கத்தினாய் பார், லேபுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். "புள்ள துடிக்குதுங்க, சீக்கிரம் எடுங்க" என்று அவளும் அழுதாள். எடுத்தேன். டார்க் ரூமுக்குள் போய், சிவப்பு விளக்கில் பிலிமை டெவலப்பரில் முக்கினேன். மெல்ல மெல்ல எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஓட்டைகள் இரண்டும் ஒரே அளவு. முட்டி நேர். என் ஆயுசில் நான் எடுத்த நல்ல படங்களில் அது ஒன்று. இடது உருண்டை கிண்ணத்தின் ஓரத்துக்கு வந்திருந்தது. போன தடவை உள்ளே இருந்தது, இப்போது வெளியே வர ஆரம்பித்திருந்தது.

அந்த அறையில் நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. திரும்ப அறுப்பார்கள், திரும்ப மாவுக்கட்டு, திரும்ப அவள் உன்னைக் கதவு மாதிரி தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ஆண்டவரே, என்னால் முடியாது என்று இருந்தது. பிறகு எனக்கு நானே ஒரு கதை கட்டினேன். பிள்ளை முக்கி அழுததில் தசை இழுத்திருக்கும், அதனால் அப்படித் தெரிகிறது என்று. வெளியே வந்து, "படம் ஆடிப்போச்சி, இன்னொன்னு எடுக்கணும்" என்றேன். உன் அம்மா மறுபடி முட்டியைப் பிடிக்க வந்தாள். "வேணாம், நீ வெளிய நில்லு" என்றேன். உன்னிடம், "கண்ணு, கால உனக்கு எப்டி வசதியோ அப்டி வச்சிக்கோ" என்றேன். நீ அழுகையை நிறுத்திவிட்டுக் காலை அகட்டினாய். நான் கொஞ்சம் சேர்த்து வைத்தேன். ரொம்ப அகட்டினால் டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். எவ்வளவு அகட்டினால் கண்டுபிடிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும், பாப்பா. படத்தில் தொடை அதிகம் விழாமல் இருக்க மிஷினின் வெளிச்சக் கட்டத்தையும் சுருக்கிக்கொண்டேன். படம் அழகாக வந்தது. உருண்டை உள்ளே உட்கார்ந்திருந்தது.

முதல் படத்தை வேண்டாத பிலிம் போடும் பெட்டியில் போட்டேன். பழைய பிலிமைக் கரைத்து அதிலிருந்து வெள்ளி எடுக்கிறவர் மாதக் கடைசியில் வந்து அந்தப் பெட்டியை அள்ளிக்கொண்டு போவார். அவர் கரைத்துவிட்டார். உலகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தது என் கண் மட்டும்தான்.

மெட்ராஸில் டாக்டர் இரண்டாவது படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு அளந்தார். "சூப்பரா செட்டாயிருக்கு. பெல்ட் இனிமே வேணாம். ஒரு வருஷம் கழிச்சு வந்தா போதும்" என்றார். உன் அம்மா அவர் காலைத் தொடப் போனாள். எனக்கு நெஞ்சில் பாதி நிம்மதி, பாதி திகில். அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போகாமல், கடலோரப் பஸ் பிடித்து மாமல்லபுரம் போனோம். நீ கேட்டாய் என்று போனோம். கட்டு இல்லாத காலோடு நீ ஈர மணலில் ஓடினாய். சங்கு விற்கிறவர்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து ஓடினாய். உன் அம்மா பின்னாலேயே வந்தவள் குனிந்து மணலைப் பார்த்தாள். "இன்னாங்க, வலது பாதம் முழுசா பதியுது. இடது மட்டும் பெருவெரலு தேச்சிக்கினு போவுதே?" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை, ஒரு எக்ஸ்ரேயும் இல்லாமல் கண்டுபிடித்துவிட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டாக்டர் ஸ்கேல வச்சி அளந்து சொல்றாரு, நீ மணல பாத்து சொல்றியா? படம் பொய் சொல்லுமாடி?" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் லேப் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. எந்த நாளும் உன்னை ஒரு நிமிஷம் படுக்க வைத்து நேராக ஒரு படம் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எலும்பு வளர்ந்து தானாக மூடிக்கொள்ளும் என்று ஜெபம் பண்ணினேன். மூடிக்கொள்ளவில்லை. நீ நொண்டுவது அதிகமாகி மெட்ராஸுக்குப் போனபோது, அங்கேயே அவர்கள் ஆள் நேராகப் படம் எடுத்தார். டாக்டர் முகம் கறுத்துவிட்டது. என் படத்தையும் பக்கத்தில் மாட்டி மாறி மாறிப் பார்த்தார். "அன்னிக்கு நல்லாத்தானே இருந்தது? ஒரு வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா சுலபமா சரி பண்ணியிருக்கலாம். இப்ப உருண்டையே தட்டையாக ஆரம்பிச்சிடுச்சு" என்றார். அப்புறம் கேட்டார், "பெல்ட்டை ஒழுங்கா போட்டீங்களா?"

உன் அம்மா ஓவென்று அழுதுவிட்டாள். "நாலு மத்தியானம் அவுத்தேன் சார், வேர்க்குரு தாங்கல சார், நான்தான் சார் கெடுத்துட்டேன்" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் அதைப் பைலில் எழுதினார். அந்த வரி இன்னும் உன் பைலில் இருக்கிறது, தாய் பெல்ட்டைக் கழற்றியதாகச் சொல்கிறார் என்று. அதற்குப் பிறகு உன்னைப் பார்த்த ஒவ்வொரு டாக்டரும் அந்த வரியைப் படித்துவிட்டு அவளைத்தான் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் அந்த அறையில் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் கையில் படம் வைத்த கவர் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம். நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்ற பயம்தான் அதிகம். பல வருஷம் கழித்து, வேறு யாருடைய குழந்தைக்கோ கேட்பது போல, இன்னொரு டாக்டரிடம் கேட்டேன்: நாலு நாள் மத்தியானம் பெல்ட் போடாவிட்டால் என்ன ஆகும் என்று. "அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் உன் அம்மாவிடம் கொடுத்திருந்தால் அவள் அன்றைக்காவது நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அதையும் நான் செய்யவில்லை.

உனக்கு இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. கால் அரை அங்குலம் கட்டையாகவே நின்றுவிட்டது. உன் செருப்புக்கு அடியில் தக்கை ஒட்டித் தர மதுராந்தகத்தில் ஆள் இருந்தார், ஆனாலும் அவள் யாரிடமும் கொடுக்க மாட்டாள். அவளே அறுத்து, பசை தடவி, அம்மிக்கல்லை மேலே ஏற்றி வைப்பாள். தவக்காலம் வந்தால் நாற்பது நாளும் ஒரு வேளைதான் சாப்பாடு. யாருக்காக என்று கேட்டால் சொல்ல மாட்டாள். நானும் வருஷம் தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். பொய் சொன்னேன், கோபப்பட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். என்ன பொய் என்று சாமியார் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

பத்தாவது படிக்கும்போது ஸ்கூல் ஆண்டு விழா டான்ஸில் உன்னைச் சேர்க்கவில்லை என்று புத்தகப் பையை வீசியெறிந்தாயே, நினைவிருக்கிறதா? "நீ பெத்த தாயா? உன் சோம்பேறித்தனத்தால என் கால் போச்சி" என்று அவளைக் கேட்டாய். அவள் உள்ளே போய் அரிசி களைந்தாள். நான் கூடத்தில் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பினேன். நான் செய்த எல்லாவற்றிலும் எதை நினைத்தால் உடம்பு கூசுகிறது என்று கேட்டால், அந்தப் பக்கத்தைத் திருப்பினதைத்தான் சொல்வேன். நீ அன்று பேசியது உன் தப்பில்லை. உனக்கு அப்படித்தான் தெரியும். தெரியும்படி விட்டு வைத்தவன் நான். அந்த வார்த்தையை நினைத்து உன்னை நீயே வதைத்துக்கொள்ளாதே, அது எனக்கு வந்து சேர வேண்டிய வார்த்தை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அப்பனாகப் போய்விட்டேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் உன்னைப் படம் எடுப்பார்கள். வலித்தாலும் காலை நேராக வைத்துக்கொள், எடுக்கிற பையன் அவசரப்பட்டால் முட்டி நேராக இருக்கிறதா என்று நீயே கேள். டாக்டரிடம் பைலைக் கொடுக்கும்போது அந்த வரியைக் காட்டி, கால் கெட்டது இதனால் இல்லை, படம் தப்பாக எடுக்கப்பட்டது, எடுத்தவர் என் அப்பா என்று சொல். என் பேரையே சொல். நாளைக்கு உனக்கு ஒரு குழந்தை பிறந்தால், தாமதிக்காமல் இடுப்பை ஸ்கேன் பண்ணிவிடு. இது நம் ரத்தத்தில் வரலாம் என்று சொல்கிறார்கள். குழந்தை வலியில் அழுதால் உன் நெஞ்சு பதறும், பதறட்டும். பதறினாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடு. உன் மேல் பாசம் வைத்துத்தான் நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். உன் அம்மாவுக்கும்தான் பாசம் இருந்தது, அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லையா?

உன் ஊருக்கு, ஓசூருக்கு நான் வர வேண்டும், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்க வேண்டும் என்றாய். இதைப் படித்த பிறகும் கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிடாவிட்டால் கேட்க மாட்டேன். மாப்பிள்ளையை எனக்கு விஷயம் மட்டும் சொல்லச் சொல், ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று ஒரு வரி.

இன்னொன்று இருக்கிறது. அம்மா போவதற்கு இரண்டு நாள் முன்னால், ஆஸ்பத்திரியில், காலையில் அவளுக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். நீ அன்று மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தாய். அவள் என் கையைத் தள்ளிவிட்டுச் சொன்னாள். "பாப்பா வந்தா நீங்க சொல்லுங்க. கொயந்த சொறிஞ்சிக்கினே இருந்துச்சி, பாக்க முடியல, அதான் அவுத்தேன்னு சொல்லுங்க. வேணும்னு பண்ணல. இந்த ஒரு வாட்டி என்ன மன்னிச்சிடச் சொல்லுங்க. நான் கேட்டா மூஞ்ச திருப்பிக்குவா, நீங்க சொன்னா கேப்பா." நான், "சொல்றேன், நீ வாயத் தொற" என்றேன். அடுத்த வாயை ஊட்டினேன், விழுங்கினாள்.

நீ வந்தாய். நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் செய்யாத தப்பை அவள்தான் செய்தாள் என்று நான் சாட்சி சொன்ன மாதிரி ஆகும், சொல்லாவிட்டால் அவள் கேட்டதைச் செய்யாதவன் ஆவேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வருஷம் ஓடிவிட்டது. இப்போது சொல்லிவிட்டேன். நான் செய்ததற்கு அவள் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் செத்தாள், பாப்பா.

உன் நைனா